எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே பலகை

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். எந்தப் பலகை வாங்கலாம், டீச்சர்? மூன்று பேருமே போனில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டுதான் கேட்டீர்கள். வட்டமாக, வழவழப்பாக, நல்ல நிறத்தில் இருந்தது. மூன்று பேர் மீதும் எரிந்து விழுந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், இனிமேல் எதையும் மென்று முழுங்க வேண்டியதில்லை.

மண் வனையப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் பலகை என்று சொல்வது, சக்கரத்தின் தலை மேல் மாட்டிக் கழற்றுகிற வட்டத் தட்டை. சக்கரத் தலையில் இரண்டு போல்ட் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பலகையில் இரண்டு ஓட்டை இருக்கும். ஓட்டையை போல்ட்டில் மாட்டி, பலகை மேலேயே வனைந்து, முடிந்ததும் பாத்திரத்தில் கை படாமல் பலகையோடு தூக்கி வைத்துவிடலாம். அகலமான வேலைக்கு இது இல்லாமல் முடியாது.

எதில் செய்த பலகை நல்லது என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பிளாஸ்டர் பலகை தண்ணீரை இழுக்கும், பாத்திரம் தானாகக் கழன்று வரும். ஆனால் ஓரம் உதிரும். உதிர்ந்த துணுக்கு மண்ணில் கலந்தால், சூளையிலிருந்து இறக்கிய பாத்திரம் ஒரு நாள் காசளவு தெறித்துப்போகும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மலிவு, ஐப்பசி மழையில் உப்பிவிடும். பிளாஸ்டிக் ஊறாது, கழுவ எளிது. ஆனால் வளையும். மேலே வனைந்த பெரிய தட்டோடு தூக்கினால் தட்டின் நடு எழும்பிவிடும். ஊறாத ப்ளைவுட் கனமானது, அசிங்கமானது, நம்பலாம். இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நீங்கள் பலகை வாங்கினால், நான் செய்த தப்பையே செய்வீர்கள்.

அடையாற்றில் ஒரு வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நடந்த மண்பாண்டப் பட்டறை அது. நான் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் ஆசிரியையாக இருந்து, அங்கே பொறுப்பாளராகப் போனேன். அதனால்தான் எல்லோருக்கும் டீச்சர். முதலாளி அனு, மயிலாப்பூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஐந்து சக்கரங்கள். ஐந்தும் ஐந்து சமயத்தில் வாங்கியவை. ஒன்றின் போல்ட் இடைவெளி இன்னொன்றில் இருக்காது. அதனால் ராயப்பேட்டையில் ஒரு ஆசாரியிடம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக அளவெடுத்து ப்ளைவுட் பலகை செய்து வைத்திருந்தோம். பலகையின் அடியில் சக்கரத்தின் நம்பர். ஓரத்தில் ஒரு வெட்டு. சக்கரத் தலையிலும் அதே இடத்தில் ஒரு வெட்டு. இரண்டு வெட்டையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் மாட்ட வேண்டும். நாலாம் நம்பர் பலகையை இரண்டாம் நம்பரில் மாட்ட முடியாது. திருப்பி மாட்டவும் கூடாது.

அந்தப் பலகைகள் கறுத்துப்போயிருந்தன. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தது. சனி ஞாயிறுகளில் வகுப்புக்கு வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள். "பார்க்கவே நன்னா இல்லை டீச்சர், மாத்திடலாமே" என்று அனு ஒரு தடவை சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். முழு மூச்சாகக் கிளம்பியது நான்.

பிளாஸ்டிக் பலகை முப்பது வாங்கினேன். படத்தைப் பார்த்துத்தான். வந்த பிறகு பார்த்தால் ஐந்தில் மூன்று சக்கரத்தில் மாட்ட முடியவில்லை. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. வாங்கியது தப்பு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. நானே ட்ரில் பிடித்து, அரம் போட்டு, முப்பது பலகையிலும் ஓட்டையை இழுத்து அகலமாக்கினேன். இனிமேல் எந்தப் பலகையும் எந்தச் சக்கரத்திலும் மாட்டலாம். நம்பர் தேட வேண்டாம், வெட்டு பார்க்க வேண்டாம். எனக்கு அவ்வளவு பெருமை. பழைய பலகைகளைப் பரணில் போட்டேன். சிலதைத் துளசித் தொட்டிக்கு அடியில் வைத்தேன்.

தேவராஜ் அன்றைக்கே சொன்னார். எங்கள் பட்டறையில் பெரிய வேலை வனைகிற ஒரே ஆள் அவர். ஐம்பத்தொரு வயது. பாலவாக்கத்திலிருந்து காலை ஒன்பதரைக்கு வந்துவிடுவார். புதுப் பலகையை மாட்டினார், விரலால் தட்டிப் பார்த்தார்.

"டீச்சர், இது ஆடுது."

"எங்கே ஆடுது?"

"லேசா கீது. போல்ட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவுல எடம் கீது பாரு."

"புதுசு தேவா. பழகிடும்."

"பலகை இன்னா செருப்பா, போடப் போடப் பழகறதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மண் உருண்டையைத் தட்டையாக்கிச் சக்கரத் தலையில் ஒட்டி, அதன் மேல் பலகையை அழுத்தி வைத்தேன். "இப்ப ஆடுதா?" என்று கேட்டேன். ஆடவில்லை. "ஆடல" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை அவர்.

அந்த மண் உருண்டைதான் நான் செய்த பெரிய கெடுதல். ஆடுகிற பலகை தன் குற்றத்தைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயை அடைத்தேன்.

தி.நகரில் ஒரு துணிக்கடை புதிதாகத் திறப்பதாக இருந்தது. வாசலிலும் ஒவ்வொரு தளத்திலும் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட, பெரிய மண் உருளிகள் ஆறு கேட்டார்கள். தீபாவளிக்கு முன் வேண்டும். உருளியை ஒரே நாளில் வனைய முடியாது. முதல் நாள் அடியும் பாதிச் சுவரும். பலகையோடு கழற்றி வைத்து, கொஞ்சம் இறுகியதும் மறுநாள் அதே பலகையைத் திரும்ப மாட்டி, மேலே ஒரு மண் வளையம் வைத்து விளிம்பை இழுக்க வேண்டும்.

மறுநாள் மாட்டினால் உருளி கோணலாகச் சுற்றியது.

ஒரு பக்கம் வெளியே போய் ஒரு பக்கம் உள்ளே வந்தது. தேவராஜ் அழுத்திச் சரிசெய்யப் பார்த்தார். விளிம்பு ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து போனது. அதை அறுத்துத் தொட்டியில் போட்டார். இன்னொன்று செய்தார். அதுவும் அப்படித்தான். விடாப்பிடியாக முடித்த இரண்டும் காயும்போதே விரிசல் விட்டன. மற்ற நாலு பேரும் கோப்பை, கிண்ணம் என்று ஒரே மூச்சில் முடிகிற சின்ன வேலைதான் செய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கே வனைந்து அன்றைக்கே அறுத்து எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்து சக்கரத்திலும் ஒரே மண், ஒரே பலகை, ஒரே ஷெட். ஒரே ஒரு ஆளின் வேலை மட்டும் கெட்டுப்போகிறது. அப்போது எல்லோரும் எதைப் பார்ப்பார்கள்? ஆளைத்தான் பார்ப்பார்கள். நானும் ஆளைத்தான் பார்த்தேன்.

பத்து நாளில் அவரும் அப்படியே பார்க்க ஆரம்பித்தார். வேலைக்கு நடுவே நிறுத்தி, வலது கையை முன்னால் நீட்டி விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது கவனித்தால் கையைத் தண்ணீரில் விடுவார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், யாராண்டையும் சொல்லாத. எங்க நைனாவுக்கும் இதே வயசுலதான் ஸ்டார்ட் ஆச்சு."

"என்ன ஆச்சு?"

"வலை பின்றவரு. ஒரு நாளு ஊசி கண்ணில நூலு போவல. அப்பால சோத்தையே அள்ளி வாயில வைக்க முடியல. கை இப்டி இப்டி ஆடும்."

"டாக்டர்கிட்ட போங்க தேவா."

"போனேன். பெரியாஸ்பத்திரில பாத்தாங்க. கை நல்லாத்தான் கீதுன்றாங்க. அவங்களுக்கு இன்னா தெரியும், அவங்களா உருளி செய்றாங்க?"

டாக்டர் சரியாகச் சொல்லியிருக்கிறார். உருளி செய்கிற அவரும், செய்ய வைக்கிற நானும்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அனு கெட்டவர் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருக்குக் கை போயிடுத்து டீச்சர். நமக்கெல்லாம் ஒரு நாள் போகும். வேலையை விட்டு அனுப்ப மாட்டேன், மண் பிசையற வேலை பார்க்கட்டும்" என்றார். நந்தனத்தில் தங்கியிருந்த ஒரு பெண், நுண்கலை படித்தவள், திங்கட்கிழமையிலிருந்து நாலாம் நம்பர் சக்கரத்துக்கு வருவதாக ஏற்பாடு ஆனது. தேவராஜிடம் நான்தான் சொன்னேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "சரி டீச்சர்" என்றார். போய் மண் மூட்டையைப் பிரித்தார். இருபது வருஷம் சக்கரத்தில் உட்கார்ந்த மனிதர், சக்கரத்தின் பக்கமே திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு மண் பிசைந்தார்.

வெள்ளிக்கிழமை, உருளி காய வைக்க மர அலமாரி ஒன்று சொல்வதற்காக ராயப்பேட்டை ஆசாரியிடம் போனேன். அகலம் காட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் பலகையைப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர் அளவெடுக்கவில்லை. பலகையைத் திருப்பினார். ஓட்டையில் கட்டை விரலை விட்டு அசைத்தார்.

"இன்னாம்மா இது, ஓட்டையா ஜன்னலா?"

"நான்தான் பெரிசு பண்ணேன். எல்லாச் சக்கரத்துக்கும் ஆகணும்ல."

"அஞ்சு சக்கரத்துக்கும் தனித்தனியா வந்து அளவெடுத்துக் குடுத்தேனே, நான் இன்னா கேனையனா? இத்தக் கழட்டித் திருப்பி மாட்னா பழைய எடத்துல எப்டிம்மா குந்தும்?"

"கீழே மண் ஒட்டி வைக்கிறோம். ஆடறதில்ல."

"ஆடாது. ஆனா வேற எடத்துல ஆடாம நிக்கும்."

நான் அங்கிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. அலமாரியைப் பற்றிச் சொன்னேனா என்பதே நினைவில்லை. ஆட்டோவில் ஏறினேன், பாதியில் இறங்கி நடந்தேன், மறுபடி ஏறினேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கணக்கு மிகவும் எளிது. ஒரே மூச்சில் முடிகிற வேலைக்கு, பலகை எங்கே உட்கார்ந்தாலும் அதுதான் நடு. கழற்றித் திரும்ப மாட்டுகிற வேலைக்கு, நூலளவு நகர்ந்தாலும் நடு போய்விடும். கழற்றித் திரும்ப மாட்டுகிறவர் ஒரே ஒரு ஆள்.

இந்த இடத்தில் நான் என்ன யோசித்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாமல் சரிசெய்துவிடலாம் என்று யோசித்தேன். பரணிலிருந்து நாலாம் நம்பர் பலகையை எடுத்து மாட்டி, தேவராஜை ஒரு தடவை வனையச் சொன்னால், உருளி நேராக வந்துவிடும். கை சரியாகிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். பிளாஸ்டிக் பலகைகளைச் சின்ன வேலைக்கு ஒதுக்கிவிடலாம். என் பெயரும் கெடாது. நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்வீர்கள்.

சனிக்கிழமை காலை அதைத்தான் செய்தேன். பழைய பலகை மூன்று உருப்படியாகக் கிடைத்தன. அதில் நாலாம் நம்பரைத் துடைத்து மாட்டினேன். "தேவா, ஒரே ஒரு உருளி போட்டுப் பாருங்களேன்."

அவர் நிமிரவில்லை. "வேணாம் டீச்சர்."

"எனக்காக."

"எல்லார் முன்னாலயும் இன்னொரு வாட்டி அசிங்கப்படணுமா? அந்தப் பொண்ணு திங்கக்கெழம வருது. வுட்டுடு."

இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை எழுந்து வெளியே குழாயடிக்குப் போய்விட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லாமல் அந்த ஆளை அந்தச் சக்கரத்தில் உட்காரவைக்க முடியாது. பலகையை மாற்றலாம். அவர் தன் கையைப் பற்றி நம்பிவிட்டதை, சொல்லாமல் மாற்ற முடியாது.

அனுவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "எல்லார் முன்னாடியும் சொல்லணுமா டீச்சர்? அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லிடலாமே" என்றார்.

"அவரைச் சக்கரத்தை விட்டு இறக்கினது எல்லார் முன்னாடியும்தானே" என்றேன். என் குரல் நன்றாக இல்லை. கோபம் அவர் மேல் இல்லை.

வாயால் சொன்னால் தேவராஜ் நம்பமாட்டார், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார். அதனால் ஒரு சூளைச் செங்கல்லை எடுத்தேன். அதன் மேல் ஒரு மார்க்கர் பேனாவை டேப் சுற்றிக் கட்டினேன். எல்லோரையும் நாலாம் நம்பர் சக்கரத்தைச் சுற்றி நிற்கச் சொன்னேன். தேவராஜையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பிளாஸ்டிக் பலகையை மண் ஒட்டி மாட்டினேன். செங்கல்லைப் பக்கத்தில் வைத்து, பேனா முனை பலகையைத் தொடும்படி நகர்த்தினேன். "யார் கையும் வேண்டாம். பாருங்க" என்று சொல்லிச் சக்கரத்தைச் சுற்றவிட்டேன். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. பேனாவை நகர்த்தாமல் பலகையை மட்டும் கழற்றினேன். திரும்ப மாட்டினேன். சுற்றவிட்டேன்.

இரண்டாவது வட்டம் முதல் வட்டத்தை வெட்டிக்கொண்டு போனது.

பிறகு பழைய ப்ளைவுட் பலகையை வெட்டோடு வெட்டுச் சேர்த்து மாட்டி, அதே மாதிரி செய்தேன். இரண்டு தடவை சுற்றியும் ஒரே வட்டம்.

"ஓட்டையைப் பெரிசு பண்ணது நான். ஆடுதுன்னு தேவா முதல் நாளே சொன்னார். மண்ணை ஒட்டி அவர் வாயை அடைச்சது நான். அவர் கையில ஒண்ணும் இல்ல" என்றேன்.

தேவராஜ் குனிந்து அந்த இரண்டு வட்டத்தையும் பார்த்தார். விரலால் தொட்டார், மை ஒட்டியது. நிமிர்ந்தபோது அவர் கண்ணைப் பார்த்து நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"பதினேழு நாளு டீச்சர்."

"தெரியும் தேவா."

"இன்னா தெரியும் உனுக்கு? சட்டப் பட்டன் போடச் சொல்லோ கையப் பாக்குறேன். பஸ்ஸுல கம்பியப் புடிச்சா கையப் பாக்குறேன். செத்துப்போன எங்க நைனாவைத் திட்டிக்கினு கீறேன், எனுக்கு இத்தக் குடுத்துட்டுப் போய்ட்டியேன்னு. ஒரு ஓட்டைக்கா?"

"என் தப்புதான்."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?" பிளாஸ்டிக் பலகையைப் பிடுங்கி ஷெட்டுக்கு வெளியே வீசினார். அது சுவரில் பட்டுத் தெறித்தது. யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பிறகு, "எங்க வூட்டுக்கு வந்து நீயே சொல்லு. நான் சொன்னா அவ நம்பமாட்டா" என்றார்.

அன்று சாயங்காலமே அவரோடு பஸ் ஏறிப் பாலவாக்கம் போனேன். வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவர் மனைவி கஸ்தூரி இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்க்கிறவர். என்னை உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொண்டு வந்தார். என் டம்ளர் நிறைய இருந்தது. தேவராஜுடையது பாதிதான் இருந்தது. நான் கவனித்ததைக் கஸ்தூரி கவனித்துவிட்டார்.

"கொட்டிக்குவாருன்னு அவருக்குப் பாதிதான் ஊத்துறேன் டீச்சரம்மா" என்றார் மெதுவாக. அதைத் தேவராஜும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது அதுவரை தெரியாது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, ஓட்டை, அரம், மண் உருண்டை, எதையும் விடவில்லை. முடித்ததும், "அப்ப நோவு இல்லியா?" என்று கஸ்தூரி கேட்டார்.

"இல்ல. டாக்டர் சொன்னதுதான் நிஜம்."

"பலகையா?"

"பலகைதான்."

எழுந்து உள்ளே போனார். பாத்திரத்தோடு வந்து, கணவரின் டம்ளரில் விளிம்பு வரைக்கும் டீயை ஊற்றினார். நின்றுகொண்டே பார்த்தார். நானும் பார்த்தேன். தேவராஜ் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு டம்ளரை எடுத்தார்.

கை நடுங்கியது. டீ விரல் மேல் வழிந்தது.

"சூடு" என்றார்.

டீ அவ்வளவு சூடாக இல்லை. நானும் அதையேதான் குடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவர் நாலாம் நம்பரில் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் நம்பரில் பாதி நாள் கொடுத்தோம். துணிக்கடைக்காரர்கள் அதற்குள் பித்தளை உருளி வாங்கிவிட்டார்கள், அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. பலகை நேராக இருந்தும் அன்று அவருடைய விளிம்பு நடுங்கியே வந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். பதினேழு நாள் ஒரு மனிதர் தன் கையைச் சந்தேகப்பட்டு உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், நன்றாக இருந்த கையும் கெட்டுப்போகிறது. எந்த டாக்டரும் இதை எனக்குச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அதனால், பலகை வாங்குகிறவர்களே, கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் பட்டறையில் யார் வேலையைக் கழற்றித் திரும்ப மாட்டுகிறார் என்று பாருங்கள். அவரிடம் கேட்டு வாங்குங்கள். மாட்டிப் பார்த்துவிட்டு அவர் ஆடுகிறது என்று சொன்னால், ஆடுகிறது. செங்கல்லில் பேனாவைக் கட்டி வட்டம் போட ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் யாராவது ஒரு ஆளின் கையைக் குறை சொன்னீர்கள் என்று என் காதுக்கு வந்தால், பஸ் பிடித்து நேரிலேயே வருவேன்.

பிளாஸ்டிக் பலகை முப்பதையும் நான் ஒரே மத்தியானத்தில் அப்புறப்படுத்தினேன். தேவராஜின் விளிம்பு பழையபடி நேராக நின்றது மாசி மாதத்தில்தான்.